குட்டியை விட்டுப் போன தாய்ப்பூனை: நீங்கள் தொட்டதுதான் காரணமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மாடிப்படிக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டியில் ஒரு தெருப்பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது. தாய் முழுக் கறுப்பு. குட்டிகளில் ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல் வரி, ஒன்று கறுப்பு வெள்ளை, ஒன்று கறுப்பும் செவலையும் கலந்தது. பத்து நாள் கழித்து மூன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, சாம்பல் வரிக் குட்டி மட்டும் பெட்டியில் கிடக்கிறது. பிள்ளைகள் கையில் எடுத்துக் கொஞ்சியதால் மனித வாடை பட்டு ஒதுக்கிவிட்டதா? ஒரே தாய்க்கு எப்படி இத்தனை நிறம்? கொண்டுபோனவற்றைத் தின்றிருக்கும் என்று பாட்டி சொல்வது உண்மையா? பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகுமா?

முதலில் பெட்டியில் இருக்கும் குட்டியைப் பார்ப்போம். மற்றதற்கு அவசரமில்லை.

குட்டி வெதுவெதுப்பாக, வயிறு உப்பித் தூங்கிக்கொண்டிருந்தால் கை வைக்காதீர்கள். தாய்ப்பூனையால் ஒரு நடைக்கு ஒரு குட்டியைத்தான் தூக்க முடியும். நடுவில் ஒரு நாய் வந்திருக்கலாம், யாராவது படியில் உட்கார்ந்து போன் பேசியிருக்கலாம், நீங்களே நாலு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். ஆள் நடமாட்டம் அடங்கும்வரை அது வராது. எனவே தள்ளிப் போய், கண்ணில் படாத இடத்திலிருந்து சில மணி நேரம் கவனியுங்கள்.

குட்டி சில்லென்று இருந்தாலோ, விடாமல் கத்தினாலோ, கத்தக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தாலோ காத்திருக்கக் கூடாது. அப்போதும் முதல் வேலை பால் கொடுப்பது அல்ல, சூடேற்றுவது. வளர்ந்த பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். பிறந்த முதல் வாரக் குட்டிக்கு 36 அளவில்தான் இருக்கும், அதையும் அது தானாகக் காத்துக்கொள்ளாது. தாயின் மடியும் கூடப்பிறந்தவையும்தான் அதற்குச் சூடு. 35-க்குக் கீழே இறங்கிவிட்டால் குடல் இயக்கம் படுத்துவிடும். அந்த நிலையில் ஊற்றும் பால் செரிக்காது, மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்தும் உண்டு. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, மெதுவாகச் சூடேற்றிய பிறகே பால்.

அந்தப் பாலும் பசும்பாலாக இருக்க வேண்டாம். பூனைப்பாலில் புரதம் பசும்பாலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பசும்பாலில் உள்ள லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குட்டிக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும், இந்த வயதில் வயிற்றுப்போக்கு உயிரை எடுத்துவிடும். செல்லப்பிராணிக் கடைகளில் பூனைக்குட்டிக்கென்றே பால்பொடி கிடைக்கிறது. கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டாதீர்கள். குப்புற, தாயிடம் குடிக்கும் வாட்டத்திலேயே இருக்கட்டும். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பின்பக்கத்தை மெல்லத் தடவ வேண்டும், அப்போதுதான் சிறுநீரும் மலமும் போகும். மூன்று வாரம் ஆகும்வரை குட்டியால் தானாகப் போக முடியாது. தாய் நக்கி நக்கிச் செய்யும் வேலை அது.

சூடேறி, கத்தத் தொடங்கிய குட்டியை அதே இடத்தில் வைத்தால் தாய் வந்து எடுத்துக்கொண்டு போவது உண்டு. பல நேரங்களில் குட்டியை விட்டுவிட்டதால் அது குளிர்ந்துபோவதில்லை, குளிர்ந்துபோனதால்தான் விடப்படுகிறது. சில்லிட்ட குட்டி கத்தாது, மடியைத் தேடி முட்டாது. தாயின் கணக்கில் அது செத்த குட்டி.

இனி வாடை விஷயம். மனிதன் தொட்டால் தாய் சேர்க்காது என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். பூனையைப் பொறுத்தவரை அதற்கு ஆதாரம் கிடையாது, எதிர்ப்பக்கச் சான்றுதான் இருக்கிறது. மெக்சிகோவில் ராபின் ஹட்சன், ஒக்ஸானா பான்செகி ஆகியோரின் குழு 2017-ல் ஒரு சோதனையை வெளியிட்டது. தன் குட்டியின் வாடை எது, அடுத்த பூனையின் குட்டியின் வாடை எது என்று தாய்ப்பூனைக்குப் பிரித்தறியத் தெரிகிறது. ஆனால் இரண்டையும் கூட்டுக்கு வெளியே வைத்தால், வேற்றுக் குட்டியையும் தன்னுடையதைப் போலவே தூக்கிவந்து சேர்த்துக்கொள்கிறது. அடுத்தவள் குட்டி என்று தெரிந்தும் அணைத்துக்கொள்ளும் தாய், உங்கள் பிள்ளைகளின் கைவாடைக்காகப் பெற்றதை எறிந்துவிடாது. தாயில்லாத குட்டிகளைப் பால் கொடுக்கும் வேறு பூனையிடம் காப்பகங்கள் சேர்த்துவிடுவது இந்தக் குணத்தை நம்பித்தான்.

அதற்காக, தூக்கிக் கொஞ்சியதால் ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்ல மாட்டேன். வாடையை விட, ஆட்கள் வந்து போவதுதான் அதைக் கலைத்திருக்கும். வீட்டுப்பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் திரியும் காட்டுப்பூனை. 2007-ல் கார்லோஸ் டிரிஸ்கல் குழுவினர் மரபணுக்களை ஒப்பிட்டு, உலகத்து வீட்டுப்பூனைகள் எல்லாம் மேற்காசியக் காட்டுப்பூனை வழியில் வந்தவை என்று காட்டினார்கள். அந்தக் காட்டுப்பூனை தனியாக வேட்டையாடித் தனியாகப் பிள்ளை வளர்க்கும் பிராணி. கடுவன், அதாவது ஆண்பூனை, காவலுக்கு நிற்காது, இரை கொண்டுவராது. தாய் இரை தேடப் போகும்போது குட்டிகளுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, அவை இருக்குமிடம் யாருக்கும் தெரியாது என்பதுதான். இடம் தெரிந்துபோயிற்று என்றால் மாற்றியாக வேண்டும். பூனை செய்யும் பல காரியங்களைக் கோபம், வெறுப்பு, நன்றிகெட்டதனம் என்று நாம் படிக்கிறோம். துணையில்லாத தாயின் ஏற்பாடு என்று படித்தால் பெரும்பாலும் கணக்கு சரியாக வரும்.

பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்று நம் ஊரில் சொல்வார்கள். ஏழு என்ற எண்ணை விட்டுவிடுங்கள், மாற்றும் என்பது உண்மை. ஆள் நடமாட்டம் ஒரு காரணம். படுக்கை அழுக்காகித் தெள்ளுப்பூச்சி ஏறுவது இன்னொன்று. குட்டிகள் மூன்று நான்கு வாரமாகி, தின்னக் கற்றுக்கொள்ளும் பருவம் வரும்போது இரை கிடைக்கும் இடத்துக்குப் பக்கமாகக் கொண்டுபோவதும் உண்டு. தொந்தரவே இல்லாத வீட்டில்கூடத் துணி அலமாரியிலிருந்து கட்டிலடிக்கு ஒருமுறையாவது குடிபெயரும்.

தூக்கும் விதத்தைப் பார்த்திருப்பீர்கள். பிடரித் தோலைக் கவ்வியதும் குட்டி துவண்டு, பின்னங்கால்களை மடக்கி, வாலை வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். வைணவத்தில் தென்கலையார் சொல்லும் மார்ஜார நியாயம் இந்தக் காட்சிதான். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டிக்கு எந்த முயற்சியும் வேண்டாம், தாயே கவ்விப் போகும், இறைவன் உயிர்களை அப்படி எடுத்துக்கொள்கிறான் என்பது அவர்கள் வாதம். உடலியல் பார்வையில் குட்டியின் பங்கு முழுப் பூஜ்யம் அல்ல. அந்தத் துவளுதல் ஒரு அனிச்சைச் செயல். திமிறினால் பல் பதிந்துவிடும், மதிலில் இடிபடும். குரங்குக்குட்டியின் பக்கம் நிற்கும் வடகலையார் இதை வாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், நான் நடுவில் வரவில்லை. வளர்ந்த பூனையை மட்டும் பிடரியில் பிடித்துத் தொங்கவிடாதீர்கள், அதற்கு வலிக்கும், பயப்படும்.

அடுத்து நிறம். இதற்குப் பூனை சேரும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பெட்டை பெரும்பாலும் ஆறு மாத வயதில் முதல் பருவத்துக்கு வரும், சில நாலு மாதத்திலேயே வந்துவிடும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், குட்டியே குட்டி போட்டுவிடும். பருவம் ஏறக்குறைய ஒரு வாரம். இராப்பகலாகக் கத்தும், தரையில் புரளும், முதுகைத் தடவினால் முன்னுடலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஒருபக்கம் ஒதுக்கிப் பின்னங்காலால் மிதிக்கும். பூனைக்கு வயிற்றுவலி என்று பதறிக்கொண்டு வருபவர்களில் பாதிப்பேரின் பூனைக்கு இதுதான். சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தொடங்கும்.

நாய்களுக்கு மார்கழி என்று ஒரு கணக்குண்டு. பூனைக்குக் கணக்கு பகல் வெளிச்சம். பகல் நீண்டால் பருவம், குறுகினால் ஓய்வு. லண்டனில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகல் நீளத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம், அங்கே குளிர்காலத்தில் பூனைகள் அடங்கிவிடும். சென்னையில் அந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான், பகல் பெரிதாகக் குறைவதே இல்லை. அதனால் நம் பூனைகள் எந்த மாதமும் குட்டி போடக்கூடியவை. வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து ‘இது சீசன் இல்லையே’ என்று நம்பிவிட வேண்டாம்.

மனிதர், மாடு, நாய் ஆகியவற்றில் கருமுட்டை அதன் காலத்தில் தானாக வெளிவரும். பூனையில் பெரும்பாலும் சேர்க்கை நடந்த பிறகே வரும். முயலும் ஒட்டகமும் இந்த வகைதான். கடுவனின் குறியில் பின்னோக்கிச் சாய்ந்த சிறு முட்கள் உண்டு, ஆண் ஹார்மோன் இருக்கும்வரை இருக்கும், விதை நீக்கினால் சில வாரங்களில் மறைந்துவிடும். சேர்க்கை சில நொடிகளில் முடிந்துவிடும். பெட்டை அலறிக்கொண்டு திரும்பிக் கடுவனை அறையும், உருண்டு புரண்டு தன்னை நக்கிக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைக்கும். அந்தத் தூண்டல் நரம்பு வழியாக மூளைக்குப் போய், பிட்யூட்டரிச் சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை விடுகிறது. அதன்பின் ஒன்றிரண்டு நாளில் கருமுட்டைகள் வெளிவரும். ஒரே முறை சேர்ந்தால் பல பூனைகளுக்கு எல்.எச். போதுமான அளவு சுரக்காது, அடுத்தடுத்துப் பலமுறை வேண்டும். கடுவனைப் பார்க்காமலே கருமுட்டை விடும் பூனைகளும் கொஞ்சம் உண்டு. ஆனால் பொது ஏற்பாடு, ஆண் கையில் வந்து சேர்ந்த பிறகு முட்டையை விடுவது. பல மைல் பரப்பில் தனித்தனியே வாழ்ந்த பிராணிக்கு இதுதான் சிக்கனம்.

நாம் அந்தப் பிராணியைக் கொண்டுவந்து, மீன் மார்க்கெட்டும் குப்பைத்தொட்டியும் உள்ள ஊரில் நெருக்கமாக வாழவைத்திருக்கிறோம். ஒரு பெட்டை கத்தினால் நாலைந்து கடுவன்கள் மதிலில் வந்து உட்காரும். பெட்டை பலமுறை சேர வேண்டியிருப்பதால் ஒன்றுக்கு மேற்பட்டவற்றுடன் சேரும், ஒரே ஈற்றில் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன் அமையும். பிரான்சில் லுடோவிக் சே, டொமினிக் பொன்டியே, யூஜீனியா நடோலி ஆகியோர் 1999-ல் வெளியிட்ட மரபணு ஆய்வில், பூனைகள் நெருக்கமாக வாழும் நகரத்தில் எழுபது சதவீதத்துக்கு மேற்பட்ட ஈற்றுகளில் பல தகப்பன்கள். பூனைகள் சிதறி வாழும் கிராமப்புறத்தில் அது அதிகபட்சம் இருபத்திச் சொச்சம் சதவீதம்தான். ஒரு கடுவனால் ஒரு பெட்டையைக் காவல் காக்க முடிகிற இடத்தில் ஒரு தகப்பன், முடியாத இடத்தில் பலர்.

உங்கள் ஈற்றுக்கு மரபணுச் சோதனை வேண்டாம், குட்டிகளின் பாலினம் தெரிந்தாலே ஓரளவு சொல்லிவிடலாம். செவலை நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. கடுவனுக்குத் தாயிடமிருந்து வரும் ஒன்று மட்டும். அது எந்த மரபணு என்று 2025-ல்தான் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் தனித்தனியே வெளியிட்டன. தாய் முழுக் கறுப்பு என்பதால் அதனிடம் செவலை மரபணு இல்லை. கறுப்பும் செவலையும் கலந்த குட்டிக்கு அது தகப்பனிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆக, அதன் தகப்பன் செவலைக் கடுவன், அந்தக் குட்டி பெட்டை. கடுவனிடம் ஒரே ஒரு எக்ஸ்தான் இருக்கிறது, மகள்கள் எல்லாருக்கும் அதைத்தான் கொடுக்கும். ஆகையால் செவலைக் கடுவனுக்கு இந்தத் தாயிடம் பிறக்கும் பெட்டைகள் அத்தனையிலும் செவலை கலந்தே தீரும். மற்ற மூன்று குட்டிகளில் ஒன்றாவது பெட்டை என்றால் அதற்குத் தகப்பன் வேறு ஆள், சந்தேகமே இல்லை. மூன்றும் கடுவன் குட்டிகள் என்றால் ஒரே தகப்பனாகவும் இருக்கலாம், ஆண்குட்டிக்குத் தகப்பனின் எக்ஸ் போவதில்லை என்பதால் நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பெட்டியில் இருக்கும் குட்டியைக் கையில் எடுக்க நேர்ந்தால் மட்டும் பாருங்கள், வாலடியில் இரண்டு துளைகளும் நெருங்கியிருந்தால் பெட்டை.

சினைக்காலம் 63 முதல் 67 நாள். மூன்றாவது வாரத்தில் காம்புகள் இளஞ்சிவப்பாகும், அதே சமயத்தில் ஸ்கேனில் கரு தெரியும். கடைசி வாரத்தில் அலமாரி, பீரோ அடி என்று மோப்பம் பிடித்துக்கொண்டு திரியும். ஈற்று நேரத்தில் பெரும்பாலான பூனைகளுக்கு நம் உதவி தேவைப்படாது. குட்டி வெளியே வந்ததும் தாய் பனிக்குட உறையை நக்கிக் கிழித்து, மூச்சு வரும்வரை நக்கி, தொப்புள்கொடியைக் கடித்து, நஞ்சுக்கொடியைத் தின்றுவிடும். குட்டிக்கும் குட்டிக்கும் நடுவில் பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். ஆட்கள் சூழ்ந்து நின்றால் ஈற்றையே நிறுத்திவைத்துவிட்டு மணிக்கணக்கில் கழித்துத் தொடர்வதும் உண்டு. அரைமணி நேரமாக விடாமல் முக்கியும் குட்டி வரவில்லை என்றால் மட்டும் டாக்டரிடம் ஓட வேண்டும்.

பிறக்கும்போது குட்டி 100 கிராம் அளவு. கண் தெரியாது, காது கேட்காது, மூக்கும் சூட்டை உணரும் முகமும்தான் வழிகாட்டி. தாய் பக்கவாட்டில் படுத்துக் குட்டிகளை வளைத்துக்கொண்டு முதல் நாள் முழுக்க அநேகமாக எழுந்திருக்காது. அந்த முதல் நாள் சீம்பால் முக்கியம். நோய் எதிர்ப்புப் புரதங்கள் பூனையில் நஞ்சுக்கொடி வழியாக மிகக் குறைவாகவே போகும், பெரும்பகுதி பால் வழியாகத்தான். பிறந்து 16 மணி நேரம் போல ஆனபின் குட்டியின் குடல் அதை இரத்தத்துக்குள் விடாது. தாயிடமிருந்து பெற்ற அந்தக் காப்பு சில வாரங்களில் தேயும், தேயும்வரை தடுப்பூசியையும் அது வேலை செய்யவிடாது. குட்டிக்கு ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வது இதனால்தான், டாக்டருக்கு வரும்படி வேண்டும் என்பதற்காக அல்ல.

தாய்க்குக் காம்புகள் எட்டு. மூன்று நாளுக்குள் ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒன்றிரண்டைப் பிடித்துக்கொள்ளும், கண் திறக்காமலே மோப்பத்தால் அதைத் தேடிப் போகும். அதிகம் பால் சுரக்கும் காம்புக்காகச் சண்டையா என்று ராபின் ஹட்சனின் குழு பார்த்தது. அப்படி ஒரு தொடர்பும் தென்படவில்லை. ஆளுக்கொரு இடம் என்று ஆகிவிட்டால் சண்டையும் நகக்கீறலும் குறைகிறது, அவ்வளவே.

பால் கொடுப்பதில் மூன்று கட்டங்கள் உண்டு என்று ரோசன்பிளாட், ஷ்னெயர்லா, டோபாக் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1960-களிலேயே விவரித்தார்கள். முதல் இரண்டு மூன்று வாரம் தாய்தான் குட்டியிடம் போய்ப் படுக்கும். அடுத்து இருவரும் ஒருவரை ஒருவர் தேடுவார்கள். ஐந்து வாரத்துக்கு மேல் குட்டிகள் துரத்தும், தாய் மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், சில சமயம் சீறி ஓர் அறையும் விடும். ‘பெற்ற பிள்ளையை அடிக்கிறதே’ என்று வருத்தப்படுகிறார்கள். பால் மறக்கடிக்கிறது, வேறொன்றுமில்லை. குட்டிக்குரல் விஷயத்தில் தாய்மை ஓர் ஈற்றோடு முடிவதும் இல்லை. ஜெர்மனியில் ஹானோவரில் நடந்த ஓர் ஆய்வில், குட்டியின் சாதாரணக் கத்தலுக்கும் அவசரக் கத்தலுக்கும் பெட்டைகள் வேறுவேறு வேகத்தில் திரும்பின. கடுவன்களும் திரும்பின, ஆனால் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான்.

பால் மறக்கும் அதே நாட்களில் பாடம் தொடங்கும். முதலில் செத்த எலியைக் கொண்டுவந்து போடும், அப்புறம் குற்றுயிராக, பிறகு உயிரோடு விட்டுத் தள்ளி நின்று பார்க்கும். குட்டி தவறவிட்டால் தானே மறித்துப் பிடித்து மறுபடி விடும். தாயைப் பார்த்துக் கற்பது எவ்வளவு வலுவானது என்று ஃபிலிஸ் செஸ்லர் 1969-ல் காட்டினார் (பின்னாளில் பெண்ணியச் சிந்தனையாளராகப் பெயர் பெற்றவர், தொடங்கியது பூனைக்குட்டிகளில்). உணவுக்காக நெம்புகோலை அழுத்தும் வேலையைத் தாய் செய்வதைப் பார்த்த குட்டிகள், வேற்றுப்பூனை செய்ததைப் பார்த்தவற்றைவிடச் சீக்கிரம் கற்றன. பார்க்காமல் விடப்பட்டவை கற்கவே இல்லை.

தகப்பன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்றேன், ஆனால் அதன் குணம் வந்து சேர்கிறது. சாண்ட்ரா மெக்யூன் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களிடம் நெருங்கும் கடுவனுக்குப் பிறந்த குட்டிகள் புதியவற்றைக் கண்டு அஞ்சாமல் நெருங்கின. அதோடு இரண்டு முதல் ஏழு வாரத்துக்குள் மனிதக் கை பட்டுப் பழகினவை நம்மோடு ஒட்டும், அந்தக் காலம் தாண்டினால் பாடுதான். உங்கள் பிள்ளைகளை ஒரேயடியாகத் திட்டிவிடாதீர்கள் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். கொஞ்சியதில் தவறில்லை, கொஞ்சம் சீக்கிரம் தொடங்கிவிட்டார்கள்.

பாட்டி சொன்னதில் பாதி உண்மை. செத்துப் பிறந்த குட்டியையோ சாகப்போகும் குட்டியையோ தாய் தின்பது உண்டு. அழுகல் வாடை எதிரியை அழைக்கும், கிடைத்த சத்தும் பால் சுரக்க உதவும். தலைச்சன் ஈற்றில், கடும் மிரட்சியில், உயிருள்ள குட்டியைக் கொல்வதும் அரிதாக நடந்திருக்கிறது. ஆனால் பத்து நாள் பாலூட்டி வளர்த்த மூன்று நல்ல குட்டிகளை வாயில் கவ்விப் போனது என்றால், இடம் மாற்றத்தான். ஆபத்து வேற்றுக் கடுவனிடமிருந்து வரலாம். குட்டிகளை இழந்த தாய் சீக்கிரம் பருவத்துக்கு வரும் என்பதால் சிங்கத்தில் நடக்கும் குட்டிக்கொலை பூனையிலும் பதிவாகியிருக்கிறது, ஆனால் அடிக்கடி இல்லை.

தனியாள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், அதற்கும் விலக்கு உண்டு. இங்கிலாந்தில் டெவன் பகுதிப் பண்ணை ஒன்றில் டேவிட் மெக்டொனால்டும் பீட்டர் ஆப்ஸும் 1978-ல் பார்த்து எழுதியது: உறவுக்காரப் பெட்டைகள் ஒரே கூட்டில் குட்டி போட்டு, யாருடையது என்று பாராமல் பால் கொடுத்தன. இரை தாராளமாக ஓரிடத்தில் கிடைத்தால் அக்கா தங்கை, தாய் மகள் என்று சேர்ந்து வளர்க்கும் திறமையும் இந்தப் பிராணியிடம் இருக்கிறது. நம் மீன் மார்க்கெட்டுகளிலும் இதைப் பார்க்கலாம்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஆம், பால் கொடுக்கும்போதே சினையாகும். வழக்கமாகக் குட்டிகள் பால் மறந்த சில வாரங்களில் பருவம் திரும்பும், ஆனால் அதற்கு முன்பே, சில சமயம் ஈன்ற இரண்டாவது வாரத்திலேயே வந்துவிடுவதும் உண்டு. ஒரு ஜோடிப் பூனை ஏழு வருடத்தில் 4,20,000 ஆகும் என்று ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. எல்லாக் குட்டியும் பிழைத்தால்தான் அந்தக் கணக்கு. அமெரிக்காவின் வட கரோலினாவில் தெருப்பூனைகளைப் பின்தொடர்ந்த 2004 ஆய்வு ஒன்றில், 169 குட்டிகளில் 127 ஆறு மாதத்துக்குள் செத்தன அல்லது காணாமல் போயின. அடுத்த ஈற்றைத் தடுக்கச் சொல்வதற்கு எனக்கு இந்த இரண்டாவது எண் போதும்.

அதை எப்படிச் செய்வது? தாய்க்கு ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவு வையுங்கள். பால் கொடுக்கும் பூனைக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் தீனி வேண்டும், அதனால் விடாமல் வரும். குட்டிகள் தின்னத் தொடங்கும்போது பெரும்பாலும் அவற்றையும் உங்கள் வாசலுக்குக் கூட்டிவரும். ஊரில் ‘குட்டி ஆகாமல்’ போடும் ஹார்மோன் ஊசி, மாத்திரை பக்கம் போகாதீர்கள். மடி பெருத்து வீங்குவது, கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது எல்லாம் அதனால் வருவதை அடிக்கடி பார்க்கிறோம். குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆனதும் தாய்க்கு அறுவைசிகிச்சை செய்துவிடலாம். கர்ப்பப்பையும் சூலகமும் எடுப்பதால் பால் நின்றுவிடாது, பாலைச் சுரக்கவைப்பது புரோலாக்டின், அது வருவது மூளையடிச் சுரப்பியிலிருந்து. எனவே அன்று மாலையோ மறுநாளோ மயக்கம் முழுதாகத் தெளிந்ததும் குட்டிகளிடம் விட்டுவிடலாம். பிடித்துக்கொண்டு போகும்போது பால் கொடுக்கும் பூனை என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மடி கனத்திருந்தால் அடிவயிற்றில் கீறாமல் விலாப்பக்கமாகச் செய்வார்கள், தையலைக் குட்டிகள் முட்டாது.